ஹேவ்லாக்: ஓர் அபூர்வக் குடும்பப் பெயர் ஊர் சுற்றிய கதை

ஊரை விட்டு வெளியே வந்த தமிழ்க் குடும்பங்களைப் பாடாய்ப் படுத்தும் கட்டம் ஒன்று உண்டு. விண்ணப்பப் படிவத்தில் 'சர்நேம்' என்று போட்டிருக்குமே, அந்தக் கட்டம்தான்.

நமக்குத்தான் அப்படி ஒன்று கிடையாதே! அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டியவர்கள் நாம். பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயர் அந்தக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன் பிறகு அமெரிக்காவிலும் துபாயிலும் ஆபீசில் யாரும் நம்மைக் கூப்பிடுவதில்லை, நம் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். :-) கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் பெயர் சர்நேம். அவள் குழந்தைக்கும் அதே பெயர் சர்நேம். அந்தக் குழந்தை வளர்ந்து, அதற்கு ஒரு குழந்தை பிறந்தால் என்ன செய்வது? அங்கேதான் வீட்டில் விவாதம் ஆரம்பிக்கும்.

நான் பி.காம். படித்தவன். வங்கியில் வேலை. சரித்திரத்துக்கும் எனக்கும் பரீட்சை எழுதும் சம்பந்தம்கூட இல்லை. ஆனால் அந்தமானுக்கு மாற்றலாகி வந்த பிறகு, கணக்குத் திறக்கும் படிவங்களில் முகவரிக் கட்டத்தைப் படிப்பதே எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. ஹம்ஃப்ரிகஞ்ச், ஹாப்டிபூர், துஷ்னாபாத், புரோத்ராபூர், விம்பர்லிகஞ்ச்... எல்லாம் வெள்ளைக்காரர்களின் குடும்பப் பெயர்கள். பெயர்க் கட்டத்தில் ஒரு தமிழரோ வங்காளியோ மாப்பிளையோ இருப்பார். அவருக்குச் சர்நேம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முகவரிக் கட்டத்தில் மட்டும் எப்போதோ கப்பலேறிப் போய்விட்ட ஒரு துரையின் சர்நேம் தவறாமல் இருக்கும்.

அப்படிப்பட்ட பெயர்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது, எங்கெல்லாம் போனது, இங்கே எப்படி வந்தது என்று பார்க்கலாம். சுற்றுலா வந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஹேவ்லாக்.

கடலில் வந்த பெயர்

இங்கிலாந்திலும் ஹேவ்லாக் என்பது அபூர்வமான குடும்பப் பெயர்தான். ஸ்மித், ஜோன்ஸ் மாதிரித் தடுக்கி விழுந்தால் கிடைக்கும் பெயர் அல்ல. இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், டர்ஹாம், சண்டர்லாண்ட் பக்கத்தில்தான் அந்தப் பெயர்க்காரர்கள் கொஞ்சமாவது கூட்டமாக இருந்தார்கள்.

பெயரே வெளியிலிருந்து வந்ததுதான். பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் 'ஹாஃப்' என்றால் கடல், 'லெய்க்' என்றால் விளையாட்டு. இரண்டும் சேர்ந்து ஓர் ஆளின் பெயராகி, அது தேய்ந்து ஹேவ்லாக் ஆயிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஒன்பதாம் நூற்றாண்டு முதல் டென்மார்க் பக்கத்திலிருந்து வந்து இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் குடியேறியவர்களோடு இந்த மாதிரிப் பெயர்களும் வந்து சேர்ந்தன. ஆக, ஹேவ்லாக்கும் புலம்பெயர்ந்தவர் கொண்டுவந்த பெயர்.

பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட ஓர் ஆங்கிலக் கதைப்பாட்டின் நாயகன் பெயரும் ஹேவ்லாக்தான். டென்மார்க்கின் இளவரசன். அப்பா இறந்ததும் பாதுகாவலனாக வந்தவனே துரோகியாகி, குழந்தையைக் கடலில் தள்ளச் சொல்கிறான். அந்த வேலையை ஒப்புக்கொண்ட மீனவன் கிரிம் மனம் மாறி, குழந்தையையும் தன் குடும்பத்தையும் படகில் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்கு ஓடிவிடுகிறான். அவன் இறங்கிய இடம்தான் கிரிம்ஸ்பி என்ற ஊராம். இளவரசன் அங்கே மீன் விற்று, சமையல்கட்டில் எடுபிடி வேலை செய்து வளர்கிறான். கடைசியில் ராஜ்யம் கிடைக்கிறது (கதையாயிற்றே!). கிரிம்ஸ்பி நகரத்தின் பழைய முத்திரையில் மீனவன் கிரிம், ஹேவ்லாக், அவன் மனைவி மூவரும் இருக்கிறார்கள்.

பிறந்த மண்ணை விட்டுத் துரத்தப்பட்டு, வேறு கரையில் கூலி வேலை செய்து பிழைத்த ஒரு பிள்ளையின் பெயர் இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பதவி உயர்வு கிடைக்காத மனுஷர்

இந்த அபூர்வப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் ஹென்றி ஹேவ்லாக். 1795 ஏப்ரல் 5 அன்று சண்டர்லாண்டை ஒட்டிய பிஷப்வேர்மத்தில் பிறந்தவர். அப்பா கப்பல் கட்டும் தொழில் செய்தவர். ஹென்றி 1815-ல் ராணுவத்தில் சேர்ந்தார். வாட்டர்லூ சண்டை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதாவது பேர் வாங்க வேண்டிய சண்டை முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தார், பாவம்.

1823-ல் இந்தியா வந்தார். செராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மனின் மகளை 1829-ல் மணந்தார். குடிக்க மாட்டார், தன் படையில் இருந்த சிப்பாய்களையும் குடிக்காமல் இருக்கச் செய்து பைபிள் படிக்க வைப்பார். அவர்களுக்கு 'ஹேவ்லாக்கின் சாமியார்கள்' என்று கேலிப் பெயர்.

வங்கிக்காரன் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இவர் வாழ்க்கையில் உண்டு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரிப் பதவிகளில் பெரும்பாலானவை காசு கொடுத்து வாங்கப்பட்டவை. லெப்டினென்ட் ஒருவர் கேப்டனாக வேண்டுமென்றால் தொகை கட்ட வேண்டும். 1871-ல்தான் இந்த முறை ஒழிந்தது. ஹேவ்லாக்கிடம் காசு இல்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் தொகை கட்டித் தாண்டிப் போக, இவர் 23 வருஷம் கழித்து 1838-ல்தான் கேப்டன் ஆனார். அப்போது வயது 43. நம் ஆபீசுகளில் பதவி உயர்வுப் பட்டியல் வரும்போதெல்லாம் புலம்புகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

இப்படியே ஓய்வு பெற்றிருந்தால் ஹேவ்லாக் என்ற பெயர் சண்டர்லாண்டைத் தாண்டியிருக்காது. ஆனால் 1857 வந்தது. 62 வயதில் அலகாபாத்திலிருந்து சிறு படையோடு கான்பூருக்கும், அங்கிருந்து லக்னோவுக்கும் போனார். செப்டம்பர் 25 அன்று லக்னோ ரெசிடென்சிக்குள் நுழைந்தார். நவம்பர் 24 அன்று சீதபேதியில் இறந்தார். அலம்பாக்கில் புதைத்தார்கள்.

செய்தி மெதுவாகப் போன காலம். அவர் இறந்தது தெரியாமலேயே லண்டனில் அவருக்கு பாரோனெட் பட்டம் கொடுத்துவிட்டார்கள். மரணச் செய்தி 1858 ஜனவரியில்தான் போய்ச் சேர்ந்தது. நாடே துக்கம் கொண்டாடியது. உயிரோடு இருந்தபோது கேப்டனாக்க 23 வருஷம் எடுத்துக்கொண்டவர்கள், இறந்த பிறகு கண்ணில் பட்ட தெருவுக்கெல்லாம் அவர் பெயரை வைத்தார்கள்.

தெருவாக, ஊராக, தொப்பியாக

இங்கிருந்துதான் பெயரின் பூகோளம் விரிகிறது. பட்டியல் போடுகிறேன், உங்கள் ஊர் இருக்கிறதா பாருங்கள்.

இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் ஹேவ்லாக் தெரு, ஹேவ்லாக் சாராயக்கடை (குடிக்காத மனுஷரின் பெயரில்!). லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் ஒரு சிலை, சண்டர்லாண்ட் மௌப்ரே பூங்காவில் ஒரு சிலை. இரண்டும் 1861-ல் வைத்தவை, ஒரே சிற்பி செய்தவை. நியூசிலாந்தில் ஹேவ்லாக் நார்த் என்ற ஊர், மார்ல்பரோ பகுதியில் இன்னொரு ஹேவ்லாக். அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் ஒரு ஹேவ்லாக். கனடாவின் ஒன்டாரியோவில் ஒன்று. இது போதாதென்று, வெயிலுக்காகத் தொப்பிக்குப் பின்னால் கழுத்தை மூடித் தொங்கும் துணிக்கும் 'ஹேவ்லாக்' என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஆரம்பத்தில் சிப்பாய்கள் மாட்டிக்கொண்டது. குடும்பப் பெயர் பொதுப் பெயராகி அகராதிக்குள் போய்விட்டது.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு ஒரு விசேஷம். அங்கே ஹேவ்லாக் ரோடு, ஊட்ரம் ரோடு, நீல் ரோடு மூன்றும் ஒன்றுக்கொன்று நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. மூன்றும் 1857-ல் லக்னோவுக்குப் போன மூன்று தளபதிகள். 2022-ல் ஹேவ்லாக் என்ற பெயரில் எம்.ஆர்.டி. ஸ்டேஷனே வந்துவிட்டது. அந்தமான் வரைபடத்திலும் ஹேவ்லாக், ஊட்ரம், நீல் என்று மூன்று தீவுகள் ஒரே கூட்டத்தில் இருந்தன. ஒரே சமயத்தில், ஒரே மனநிலையில் வைத்த பெயர்கள்.

கொழும்புக்காரர்கள், "எங்களிடம் ஹேவ்லாக் ரோடு, ஹேவ்லாக் டவுன் எல்லாம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் அது வேறு ஹேவ்லாக். ஹென்றியின் அண்ணன் வில்லியம் 1848-ல் பஞ்சாபில் ராம்நகர் சண்டையில் இறந்தார். அவருடைய மகன் ஆர்தர் எலிபாங்க் ஹேவ்லாக். சிறுவயதில் சில வருஷங்கள் நம் ஊட்டியில் வளர்ந்தவர். வளர்ந்து கவர்னர் வேலைக்குப் போனார். 1886 முதல் 1889 வரை நேட்டால், அதாவது நம் கரும்புத் தோட்டக் கூலிகள் கப்பல் கப்பலாகப் போய்ச் சேர்ந்த இடம். 1890 முதல் 1895 வரை இலங்கை. 1896 முதல் 1900 வரை சென்னை மாகாணம். ராஜமுந்திரியில் கோதாவரி மேல் 1900-ல் திறந்த ரயில் பாலத்துக்கு ஹேவ்லாக் பாலம் என்று பெயர் வந்தது இந்த ஆர்தரால்தான். சென்னையிலிருந்து ஹவுராவுக்குப் போன எத்தனையோ தமிழர்கள் 1997 வரை அந்தப் பாலத்தின் மேல்தான் போனார்கள்.

ஒரே பெயர் என்பதற்காக ஒரே ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு இது பாலபாடம்.

சொத்துக்காக ஒரு ஒட்டு

ஹென்றியின் மகன் பெயரும் ஹென்றி. அவரும் ராணுவம், 1857-ல் விக்டோரியா கிராஸ் வாங்கியவர், பிறகு சண்டர்லாண்டுக்கே எம்.பி. ஆனவர். 1880-ல் இவர் தன் குடும்பப் பெயரை ஹேவ்லாக்-ஆலன் என்று மாற்றிக்கொண்டார். காரணம் ரொம்பச் சுலபம். ஆலன் என்ற பெயருடைய உறவினர் ஒருவரின் சொத்து அவருக்கு வந்தது. சொத்தோடு பெயரும் வந்தது. இங்கிலாந்தில் பெரிய இடங்களில் இது சகஜம். சொத்து வேண்டுமா, என் பெயரைச் சுமந்துகொள் என்று உயிலில் எழுதி வைத்துவிடுவார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. ரத்தத்தில் ஓடி வருவது என்று நாம் நினைத்துப் பிரமிக்கும் அந்தக் 'குடும்பப் பெயர்', அவர்கள் ஊரிலேயே பேரேட்டில் மாற்றி எழுதக்கூடிய ஐட்டம்தான். உலகம் பூரா ஊர்களுக்குப் போன பெயரை அந்த வீட்டு மகனே ஒரு கோடு போட்டு நீட்டிக்கொண்டார்.

அவர் 1897 டிசம்பர் 30 அன்று கைபர் கணவாயில் கொல்லப்பட்டார். இந்தத் தேதியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தமானுக்கு ஏன் வந்தது?

ஹென்றி ஹேவ்லாக் அந்தமானில் கால் வைத்தவர் அல்ல. அவர் இறந்து சில வாரங்கள் கழித்து, 1858 ஜனவரியில்தான் டாக்டர் மௌவட் குழு தீவுகளைச் சுற்றிப் பார்த்து, கைதிகளை வைக்கத் தோதான இடம் இது என்று சொன்னது. 1858 மார்ச் 10 அன்று டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். முதலில் வந்தவர்களில் 1857 கலகத்தில் பிடிபட்டவர்கள் நிறையப் பேர்.

சண்டையில் தோற்றவர்களை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். சுற்றியிருந்த தீவுகளுக்கு ஜெயித்தவர்களின் பெயரை வைத்தார்கள். ஹேவ்லாக், நீல், ஊட்ரம், நிக்கல்சன், வில்சன், பீல், ஹென்றி லாரன்ஸ், ஜான் லாரன்ஸ். கைதி எந்தப் பக்கம் கடலைப் பார்த்தாலும் தன்னைத் தோற்கடித்தவனின் பெயர் மிதந்துகொண்டிருக்கும். ஆனால் கைதிக்கோ கழுத்தில் ஒரு மரவில்லை. அதில் அவன் எண், தண்டனைப் பிரிவு, தேதிகள். ஒருவனுக்குப் பெயர், இன்னொருவனுக்கு எண்.

நீல் பெயரைச் சொன்னதும் சென்னைக்காரர்களுக்குப் பொறி தட்டியிருக்கும். சென்னைப் படைப்பிரிவின் தளபதி, அலகாபாத்தில் வரிசையாகத் தூக்கில் போட்டவர். மவுண்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையை எடுக்கச் சொல்லி 1927-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகு சிலை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. இந்த நீலுக்கும் ஹேவ்லாக்கிற்கும் ஆகவே ஆகாது. கான்பூரில் இருந்தபோது நீல் எழுதிய குறைக் கடிதத்துக்கு ஹேவ்லாக் காரசாரமாகப் பதில் எழுதியது பிரசித்தம். விதியைப் பாருங்கள், இரண்டு பேரும் கடலில் பக்கத்துப் பக்கத்துத் தீவானார்கள். இன்றைக்குத் தேனிலவு ஜோடிகள் காலையில் ஒரு தீவு, மாலையில் இன்னொரு தீவு என்று படகில் போய் வருகிறார்கள்.

இதற்கு முன்னால் அந்தத் தீவுகளுக்குப் பெயரே இல்லையா? இல்லாமல் எப்படி இருக்கும்? அங்கே ஆட்கள் இருந்தார்களே. கிரேட் அந்தமானியர்களில் அகர்-பாலே என்ற பிரிவினர் அந்தத் தீவுக் கூட்டத்தில் வாழ்ந்தார்கள். வெளியார் வந்த பிறகு வியாதிகளும் வந்தன. 1877-ல் தட்டம்மை கிரேட் அந்தமானியர்களை வாரிக்கொண்டு போனது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அகர்-பாலே மொழி பேச ஆள் இல்லாமல் போயிற்று. வந்தே பார்க்காத ஒரு மனிதனின் பெயர் அந்த மண்ணில் நின்றது. அங்கேயே பிறந்து, அங்கேயே மீன் பிடித்து, அங்கேயே செத்தவர்களின் சொல்லை அழைக்க நாக்கு இல்லை. பெயர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகு என்னை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்த விஷயம் இதுதான்.

வெளியே ஹேவ்லாக், உள்ளே ராதாநகர்

1950-களில் ஹேவ்லாக்கில் புதிய ஆட்கள் வந்து இறங்கினார்கள். நாடு இரண்டானபோது கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக ஓடி வந்தவர்கள். அரசாங்கம் காட்டைக் காட்டி நிலம் கொடுத்தது. பிறந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டு, வேறு கரையில் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள்... கிரிம்ஸ்பி கதை ஞாபகம் வருகிறதா?

அவர்கள் தீவின் பெயரைத் தொடவில்லை. தீவுக்குள்ளே தங்கள் ஊர்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கோவிந்தநகர், ஷ்யாம்நகர், கிருஷ்ணநகர், ராதாநகர், விஜயநகர். பெருமாளையும் தாயாரையும் கூடவே கூட்டிவந்துவிட்டார்கள். பக்கத்து நீல் தீவில் சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர், ராம்நகர் என்று ராமாயணமே இருக்கிறது. டைம் பத்திரிகை 2004-ல் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று புகழ்ந்ததும் ராதாநகர் கடற்கரையைத்தான். உறை மேல் ஆங்கிலேயத் தளபதி பெயர், உள்ளே இருக்கும் கடிதத்தில் வைஷ்ணவம்.

2018 டிசம்பர் 30 அன்று பிரதமர் மோடி ஹேவ்லாக்கிற்கு ஸ்வராஜ் தீவு என்றும், நீலுக்கு ஷஹீத் தீவு என்றும், ராஸ் தீவுக்கு நேதாஜியின் பெயரும் அறிவித்தார். 1943-ல் அதே டிசம்பர் 30 அன்று நேதாஜி இங்கே கொடி ஏற்றியதன் 75-ஆவது ஆண்டு. ஷஹீத், ஸ்வராஜ் இரண்டும் நேதாஜி இந்தத் தீவுகளுக்குச் சொன்ன பெயர்கள். மேலே ஒரு தேதி சொன்னேனே, ஹேவ்லாக்கின் மகன் இறந்த நாள்? அதுவும் டிசம்பர் 30. யாரும் திட்டமிட்டது அல்ல, காலண்டர் செய்த வேடிக்கை. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. அறிவிப்பில் நம் சோழர்களின் கடற்படையையும் சொல்லியிருந்தார்கள்.

பெயர் மாற்றம் சரியா தப்பா என்று சண்டைக்கு வராதீர்கள். தோற்றவனின் பேரன் தன் மண்ணில் ஜெயித்தவன் பெயரை மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், படகுத்துறையில் நிற்பவர்களைக் கேளுங்கள், "ஹேவ்லாக் எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்பார்கள். டிக்கெட்டில் ஒரு பெயர், நாக்கில் ஒரு பெயர். இரண்டும் கொஞ்ச நாள் சேர்ந்து குடித்தனம் நடத்தும். லண்டனிலோ நிலைமை இன்னும் மோசம். 2000-ல் அந்நகர மேயர் கென் லிவிங்ஸ்டன், டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் தளபதிகள் யாரென்றே தனக்குத் தெரியவில்லை, எடுத்துவிடலாம் என்றார். அந்தத் தளபதிகளில் ஒருவர் நம் ஹேவ்லாக். சொந்த நாட்டுத் தலைநகரில் யாரென்று தெரியாதவரை, அந்தமானில் ஆட்டோக்காரரும் மீன்காரம்மாவும் தினம் பத்து தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்!

தலை ஆங்கிலம், வால் பாரசீகம்

ஹேவ்லாக் மட்டும் இல்லை. தெற்கு அந்தமானில் இந்தக் கூத்து கிராமத்துக்குக் கிராமம் உண்டு. 1880-களில் தீவுகளை அளந்து வரைபடம் போட்ட ஹாப்டே என்ற அதிகாரியின் பெயரில் ஹாப்டிபூர். ஹாப்டே என்றால் 'ராபர்ட்டின் வேலையாள்' என்று பொருளாம். டியூசன் என்ற அதிகாரியின் பெயர் துஷ்னாபாத் ஆகி, கேட்டால் ஏதோ நவாப் கட்டிய ஊர் மாதிரி ஒலிக்கிறது. 1923 முதல் 1931 வரை தலைமை ஆணையராக இருந்த ஃபெரார் பெயரில் ஃபெரார்கஞ்ச் என்று ஒரு தாலுகாவே இருக்கிறது. ஃபெரார் என்றால் இரும்படிக்கிறவர். ஆக, நம் கணக்கில் அது கொல்லன்பட்டி!

புரோத்ராபூர் இன்னும் சுவாரசியம். புரோத்தரோ என்பது தென்மேற்கு வேல்ஸ் பக்கத்துப் பெயர். வேல்ஸ்காரர்களுக்கும் நம்மைப் போல ஒரு காலத்தில் குடும்பப் பெயர் கிடையாது. 'அப்' என்றால் மகன். 'அப் ரிதர்ச்' என்றால் ரிதர்ச்சின் மகன். ஆங்கிலேயக் குமாஸ்தாக்கள் படிவத்துக்குள் அடக்கும்போது அது புரோத்தரோ ஆயிற்று. அதேபோல அப் ஹவல் பவல் ஆனது, அப் ரீஸ் பிரைஸ் ஆனது. அப்பா பெயர் படிவத்தில் மாட்டிக்கொண்டு சர்நேம் ஆன அனுபவம் நமக்கு மட்டும்தான் என்று நினைத்தோமே, வேல்ஸ்காரர்கள் பல நூறு வருஷம் முன்பே பட்டுவிட்டார்கள்.

ஹம்ஃப்ரிகஞ்ச் மட்டும் சிரிக்க முடியாத ஊர். ஹோம்ஃப்ரே என்பதும் அபூர்வமான குடும்பப் பெயர். 1860-களில் அந்தமானியர்களைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தவர் ஒரு ஹோம்ஃப்ரே. ஜப்பானியர் ஆக்கிரமிப்பில் இருந்தபோது, 1944 ஜனவரி 30 அன்று, இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்த 44 பேரை ஒற்றர்கள் என்று சொல்லி அங்கே சுட்டுக் கொன்றார்கள். இன்று அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. ஹம்ஃப்ரிகஞ்ச் என்றால் இந்தத் தீவுக்காரர்களுக்கு அந்த 44 பேர்தான். எந்தத் துரையும் நினைவுக்கு வருவதில்லை. பெயர் அவருடையது, அதற்குள் இருக்கும் துக்கம் இவர்களுடையது.

பெயரன்

சரி, இதனால் அறிவது யாதெனில்?

ஹேவ்லாக் என்ற பெயரைச் சுமந்துபோனவர்களில் சொந்த ரத்தம் ரொம்பக் குறைவு. தெருக்களும் பாலமும் தொப்பியும் தீவும்தான் சுமந்தன. வங்காள அகதியும், கைதிகளின் வம்சத்தில் வந்த 'லோக்கல் பார்ன்' மக்களும், ராமநாதபுரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த நம்மவர்களும் வாயால் சொல்லிச் சொல்லித்தான் அது இங்கே உயிரோடு இருந்தது. சொல்ல ஆளில்லாதபோது அகர்-பாலே பெயர் போயிற்று. பெயர் வாழ்வதற்கு வேண்டியது கட்டமும் இல்லை, சர்நேமும் இல்லை. அதைச் சொல்லும் வாய், கூடவே அதன் கதையைத் தெரிந்த ஒரு மனசு.

நம்மிடம் இதற்கு அழகான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. மகனுடைய மகனைப் பேரன் என்கிறோமே, அது பெயரன். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். பேத்தி பெயர்த்தி. வெள்ளைக்காரனுக்குப் பெயர் வாலாக நீண்டு வரும். நமக்கு அது ஒரு தலைமுறை உள்ளே போய், அடுத்த தலைமுறையில் முழுசாகத் திரும்பி வரும். அப்பா பெயரை அம்மா வாயால் சொல்ல மாட்டாள், அதே பெயர் கொண்ட பேரனை நாள் முழுக்க ஆசை தீரக் கூப்பிடுவாள்.

இந்தத் தீவுகளில் 2011 கணக்குப்படி சுமார் 15 சதவீதம் பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். அவர்களில் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் சிலரிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். தாத்தாவின் பெயர் சர்நேம் கட்டத்தில் இருக்கும். "அவர் எந்த ஊர்?" என்றால் தெரியாது. பெயர் வந்துவிட்டது, கதை கப்பலிலேயே தங்கிவிட்டது. என் மகளுக்கும் அந்த நிலை வர எத்தனை வருஷம் ஆகும் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் நான் செய்தது இதுதான். ஒரு பழைய டைரியில் எங்கள் இரண்டு பக்கத்திலும் தெரிந்தவரை தாத்தாக்கள், பாட்டிகள் பெயரையும் (பாட்டிகளை விட்டுவிடாதீர்கள்!), ஊரையும், செய்த தொழிலையும், ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரே ஒரு சம்பவத்தையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று தலைமுறைக்கு மேல் போக முடியவில்லை. இருக்கும் பெரியவர்களிடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கேட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் இந்த வாரமே ஆரம்பியுங்கள். சர்நேம் கட்டத்தில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் ஊரில் ஹேவ்லாக் என்று தெருவோ, பாலமோ, பூங்காவோ இருந்தால் சொல்லுங்கள். அது மாமாவா, சித்தப்பாவா, மருமகனா என்று சேர்ந்து கண்டுபிடிக்கலாம். :-)